பெட்டியின் மேல் பெயர்

கொடுப்பவன் தான் கொடுக்கும் பொருளின் மேல் தன் பெயரை எழுதலாமா? கேட்பதற்கு மிகச் சிறிய வினாவாகத் தோன்றுகிறது. ஆனால், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், தீபாவளி, கிறிஸ்துமஸ் என்று பெருநாள்கள் வரிசையாக வரும் நம் நாட்டில் இது சிறிய வினா அன்று. ஒவ்வொரு பெருநாளுக்கும் முன்னர் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்க்கும் முகவர்க்கும் பணியாளர்க்கும் அன்பளிப்புப் பெட்டிகளை அனுப்புகின்றன. கிள்ளான் துறைமுகத்தை அடுத்த பண்டமாரானில் வாழ்வோர் இதனை நன்கு அறிவர். கிடங்குகளும் தொழிற்சாலைகளும் சரக்கு அனுப்பும் அலுவலகங்களும் நிறைந்த வட்டாரம் இது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போதே பெட்டிகளை அடுக்கிய வேன்கள் இங்கே வாயிலுக்கு வாயில் நின்று செல்லும்.

அந்தப் பெட்டி ஒரே நாளில் பிறப்பதில்லை. மூன்று நான்கு மாதங்களுக்கு முன்பே அதற்கென ஒரு கூட்டம் கூடுகிறது. எத்தனை பேருக்குக் கொடுப்பது, தலைக்கு எத்தனை ரிங்கிட், பெட்டியின் நீளம் அகலம் என்ன, அட்டையின் கனம் என்ன, நிறுவனத்தின் சின்னம் மூடியின் நடுவிலா ஓரத்திலா, அதைப் பொன்னிறத் தகடு ஒட்டி அச்சிடுவதா வெறும் மையில் அச்சிடுவதா என்றெல்லாம் ஆராய்கிறார்கள். இவ்வளவு எண்ணிக்கைக்குக் குறைந்தால் அச்சிட இயலாது என்று அச்சகத்தார் சொல்கிறார்கள். எண்ணிக்கையைக் கூட்டினால் ஒரு பெட்டியின் விலை குறைகிறது. ஆகவே, கொடுக்க நினைத்தவர்களைவிட அதிகமான பெட்டிகள் வந்து சேர்கின்றன. பிறகு அவற்றுக்கு ஆள் தேடுகிறார்கள்! இத்தனை ஆராய்ச்சிக்கும் நடுவில் உள்ளே என்ன வைப்பது என்பது பெரும்பாலும் கடைசியாகத்தான் பேசப்படுகிறது. முறுக்கும் அதிரசமும் முந்திரிப்பருப்பும் பெட்டியின் அளவுக்கு ஏற்பத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. ‘ஹேம்பர்’ என்று நாம் அழைக்கும் கூடைகளைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு அடியில் எவ்வளவு காகிதம் திணிக்கப்பட்டிருக்கும் என்பதும் தெரியும்.

இதனைக் கண்டு நகைப்பது எளிது. ‘இது அன்பளிப்பு அன்று, விளம்பரம்’ என்று ஒரே வரியில் தீர்ப்புக் கூறிவிடுவதும் எளிது. நம் இலக்கியக் கல்வி அந்தத் தீர்ப்பை நாவின் நுனியிலேயே வைத்திருக்கிறது. ஈகை அதிகாரத்தின் முதற்குறளில் வள்ளுவர், இல்லாதவர்க்குக் கொடுப்பதே கொடை, மற்றவையெல்லாம் அளந்து கொடுத்து அளந்து திரும்பப் பெறும் இயல்பின என்று வரையறுத்துவிட்டார். புறநானூற்றில் ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரோ, இப்பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று கணக்கிட்டு அறத்தை விலைபேசும் வணிகன் அல்லன் அவன் என்று போற்றினார். மறுமைப் பயனை எதிர்பார்ப்பதையே வணிகம் என்று ஒதுக்கிய மரபில், அடுத்த ஆண்டின் கொள்முதல் ஆணையை எதிர்பார்த்து அனுப்பும் முறுக்குப் பெட்டிக்கு என்ன இடம் இருக்க முடியும்?

ஆயினும் அவ்வளவு விரைவாகத் தீர்ப்புக் கூற என் மனம் ஒப்பவில்லை. நம் மரபிலேயே கொடுத்தவர் பெயர் பலவிடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அது எங்கே, எதற்காக எழுதப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். இராசராசனும் அவன் தமக்கை குந்தவையும் அரசியரும் அதிகாரிகளும் கொடுத்தவை அங்கே பெயர் சுட்டிப் பொறிக்கப்பட்டுள்ளன. ஆனால், வெறும் பெயர் மட்டுமா இருக்கிறது? பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லால் எத்தனை எடை நின்றது, ஓர் அணியில் எத்தனை முத்து, எத்தனை மணி, அவற்றுள் குறையுடையன எவை என்பன வரை எழுதப்பட்டிருக்கின்றன. முத்தில் உள்ள புள்ளியைக்கூட மறைக்கவில்லை. விளம்பரம் செய்பவன் தான் கொடுத்த முத்தின் குறையைக் கல்லில் வெட்டுவானா? அந்தப் பெயர் பின்வருவோர் சரிபார்ப்பதற்காக எழுதிய கணக்கின் ஒரு பகுதி. கொடை களவு போகாமல் காப்பதற்கு அது தேவையாயிற்று.

மொய் ஏட்டிலும் பெயர் எழுதுகிறோம். திருமண மண்டப வாயிலில் ஒருவர் அமர்ந்து, இன்னார் இவ்வளவு என்று குறித்துக்கொள்கிறார். அங்கே பெயர் இல்லையென்றால் அடுத்த வீட்டுத் திருமணத்தில் திரும்பச் செய்ய இயலாது. மொய் என்பது உறவினர்க்குள் சுற்றிவரும் கடன். கடனுக்குப் பெயர் இன்றியமையாதது. பிரெஞ்சு அறிஞர் மார்செல் மோஸ் 1925ஆம் ஆண்டில் கொடையைப் பற்றி எழுதிய நூலில், கொடுத்தல், பெறுதல், திரும்பக் கொடுத்தல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று தொடரும் கடமைகள் என்று பல சமுதாயங்களை ஆராய்ந்து காட்டினார். பேராவூரணிப் பக்கத்து மொய்விருந்தை அவர் கண்டிருந்தால் நூலில் இன்னும் ஓர் இயல் கூடியிருக்கும்.

கோயில் குழல்விளக்கின் மேல் ‘உபயம்’ என்று எழுதும் வழக்கமோ வேறு வகை. கண்ணாடியின் மேல் கொடுத்தவர் பெயரும் ஊரும் பெரிய எழுத்தில் தீட்டப்பட்டு, எழுத்து நின்ற அளவுக்கு ஒளி குறைந்திருக்கும். இங்கே பெயர் கணக்கும் அன்று, கடனும் அன்று. பொருள் செய்யவேண்டிய வேலைக்கே அது தடையாக நிற்கிறது. தமிழர்கள் இதனை நெடுங்காலமாக நகைத்தும் வருகிறார்கள், எழுதியும் வருகிறார்கள்.

ஆகவே, பெயர் எழுதலாமா என்பதைவிட, அந்தப் பெயர் அங்கே என்ன வேலை செய்கிறது என்பதே கேட்கவேண்டிய வினா எனலாம்.

நிறுவனங்களின் பெட்டிக்கு இந்த வினாவைப் பொருத்திப் பார்க்கும்போது நம் நாட்டுச் சட்டம் எதிர்பாராத ஒரு விடையைத் தருகிறது. 2009ஆம் ஆண்டின் மலேசிய ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 17ஏ பிரிவு 1.6.2020 முதல் நடைமுறைக்கு வந்தது. நிறுவனத்தோடு தொடர்புடைய ஒருவர் நிறுவனத்தின் ஆதாயத்திற்காகக் கையூட்டுக் கொடுத்தால், நிறுவனமே குற்றவாளி ஆகலாம். கையூட்டின் மதிப்பைப்போல் பத்து மடங்கு அல்லது பத்து லட்சம் ரிங்கிட், இவற்றுள் எது மிகுதியோ அதற்குக் குறையாத தண்டம். இருபது ஆண்டு வரை சிறை. அல்லது இரண்டும் என்று அப்பிரிவு கூறுகிறது. இதற்குப் பின் பல நிறுவனங்கள் ‘அன்பளிப்புக் கொடுப்பதுமில்லை, பெறுவதுமில்லை’ என்று கொள்கை வகுத்துக்கொண்டன. ஆனால், அக்கொள்கைகள் பலவற்றில் ஒரு விலக்கு உண்டு. நிறுவனத்தின் சின்னம் பொறித்த சிறு பொருள்கள், அதாவது நாள்காட்டி, நாட்குறிப்பு, எழுதுகோல், குறைந்த விலையுள்ள பண்டிகைப் பெட்டி முதலியன பெறத்தக்கவை.

இதன் பொருளைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். எந்தப் பெயரைக் கண்டு நம் மரபு முகம் சுளிக்கிறதோ, அந்தப் பெயர் இருப்பதால்தான் பொருள் குற்றமற்றதாகிறது! பெயரில்லாத விலையுயர்ந்த கைக்கடிகாரம் ஐயத்திற்குரியது. பெயர் அச்சிட்ட காகிதப் பெட்டி ஐயத்திற்கு அப்பாற்பட்டது. இது முரண்பாடுபோல் தோன்றினும், எண்ண எண்ண அதில் ஓர் அறம் இருப்பது புலப்படுகிறது. கையூட்டு என்றைக்கேனும் பெயர் அச்சிட்டு வந்ததுண்டா? அது மடித்த உறையில், மேசைக்கு அடியில், முகவரி இல்லாமல் வரும். சின்னம் பொறித்த பெட்டியோ எல்லோர் கண் முன்னும் வரவேற்பறை மேசையில் வந்து அமர்கிறது. ‘நான் வணிகன், உன்னோடு வணிகம் செய்கிறேன், தொடர்ந்து செய்ய விரும்புகிறேன்’ என்று வெளிப்படையாகச் சொல்கிறது. வள்ளுவர் அதனை ஈகை என்று ஒப்பமாட்டார். ஆனால் பொய் என்றும் சொல்லமாட்டார். மொய் ஏட்டின் உறவு முறையைச் சேர்ந்தது அது. கணக்கு உள்ள இடத்தில் பெயர் இருப்பது நேர்மை.

அரசு ஊழியராகிய ஆசிரியர்க்கும் இது தொடர்புடையது. 1998ஆம் ஆண்டின் 3ஆம் எண் பணிச் சுற்றறிக்கையின்படி, பெறும் அன்பளிப்பின் மதிப்பு மாத ஊதியத்தில் நான்கில் ஒரு பங்கு அல்லது 500 ரிங்கிட், இவற்றுள் எது குறைவோ அதனைக் கடந்தால், துறைத்தலைவர்க்கு எழுத்துமூலம் தெரிவிக்கவேண்டும். ஆசிரியர் நாள் வரும்போதெல்லாம் இதனை என் பள்ளி ஆசிரியர்களுக்கு நினைவூட்டுவது என் வழக்கம். மாணவர் கொண்டுவரும் கைக்குட்டையும் காகித மலரும் அந்த எல்லையை எட்டப்போவதில்லை என்று அவர்கள் சிரிப்பார்கள்.

வணிகனுக்கும் வணிகனுக்கும் இடையே செல்லும் பெட்டியில் பெயர் இருப்பதை நான் குறைகூறமாட்டேன். அதே பெட்டி, அதே சின்னம், இடம் மாறிச் செல்லும்போதுதான் அறச்சிக்கல் எழுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனம் எங்கள் பள்ளியின் வறிய மாணவர்களுக்கென அறுபது புத்தகப் பைகளை வழங்கியது. நல்ல தடித்த துணி, உறுதியான தையல். முதுகுப்புறம் முழுவதும் நிறுவனத்தின் பெயர் மஞ்சள் எழுத்தில் இருந்தது. கொடுத்தவர்கள் கெட்டவர்கள் அல்லர். பிள்ளைகளோடு அன்பாகப் பேசினார்கள். புகைப்படம் எடுத்துக்கொண்டு சென்றார்கள். மறுவாரம் வகுப்புகளைச் சுற்றிவந்தபோது அந்தப் பெயர் செய்த வேலை எனக்குத் தெரிந்தது. ஒரு வகுப்பில் முப்பது பிள்ளைகள் என்றால், அவர்களுள் யார் யார் வறியவர் என்பது கதவருகில் நின்றாலே விளங்கியது. உதவி பெறுவோர் பட்டியலை நான் பூட்டிய பேழையில் வைத்திருந்தேன். அந்தப் பட்டியல் இப்போது பிள்ளைகளின் முதுகில் நடந்துகொண்டிருந்தது. நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி மட்டும் எழுத்தின் மேல் பூப்போட்ட துணி ஒன்றைச் சதுரமாகத் தைத்து அணிந்து வந்தாள். அம்மா தைத்துக் கொடுத்தார் என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

மறு ஆண்டு அந்த நிறுவனத்தாரிடம் பேசினேன். பெயரைப் பையின் உட்புறம் அச்சிடுங்கள், வெளியே பிள்ளையின் பெயர் எழுத ஒரு வெள்ளைப் பட்டை விடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அவர்கள் மரியாதையாகவே மறுத்தார்கள். பைக்கான பணம் விளம்பரச் செலவுக் கணக்கிலிருந்து வருகிறது, பெயர் வெளியே தெரியாவிட்டால் அந்தக் கணக்கில் எழுத இயலாது என்று விளக்கினார்கள். அந்த விளக்கத்தில் ஒளிவுமறைவு இல்லை. பைகள் வேறு பள்ளிக்குச் சென்றன. எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணத்தில் இருபத்திரண்டு எளிய பைகளைத்தான் வாங்க முடிந்தது.

அப்போது ஒரு தாய் என்னிடம் வந்து, “ஐயா, பை கிடைச்சா போதாதா? பேரு யாருதா இருந்தா என்னங்க? மழையில புத்தகம் நனையாம இருந்தா சரி,” என்றார். அவர் சொன்னது தவறு என்று யார் சொல்ல முடியும்? நனைந்த புத்தகத்தைக் கொடியில் காயப்போடுபவர் அவர். மானத்தைப் பற்றிக் கட்டுரை எழுதுபவன் நான். வயிறு நிறைந்தவன் பசித்தவனுக்காகப் பெருமை பாராட்டுவது எளிய செயல். இந்த எதிர்வாதத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். ஆயினும் என் கருத்து மாறவில்லை. அதற்குக் காரணம் அந்தச் சதுரத் துணி. பெயர் யாருடையதாக இருந்தாலும் கவலையில்லை என்று ஒரு தாய் சொன்னார். இன்னொரு தாய் இரவில் ஊசியை எடுத்தார். இருவரும் வறியவர்களே. நாட்குறிப்பைப் பெற்ற வணிகன் அதில் உள்ள சின்னம் பிடிக்காவிட்டால் இழுப்பறையில் போட்டுவிடலாம். வேறு பை இல்லாத பிள்ளை அவ்வாறு செய்ய இயலாது. மறுக்க இயலாதவர் மேல் எழுதும் பெயர், அவர் உடம்பைப் பலகையாக்கிவிடுகிறது.

இச்செயலை நிறுவனங்கள் மட்டும் செய்வதில்லை, அரசியலும் செய்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, தன்னார்வலர்கள் திரட்டிவந்த உணவுப் பொட்டலங்களின் மேல் ஆளுங்கட்சித் தலைவரின் படம் ஒட்டப்படுகிறது என்ற குற்றச்சாட்டு எழுந்து, நாடெங்கும் பேசப்பட்டது. நிறுவனமாவது தன் பணத்தில் வாங்கிய பொருளின் மேல் தன் பெயரை எழுதுகிறது. பிறர் கொடுத்ததன் மேல் தன் முகத்தை ஒட்டுவதை என்னவென்பது! இதற்கு நேர்மாறான செய்தியும் அங்கிருந்தே வந்தது. 2021இல் தமிழ்நாட்டில் ஆட்சி மாறியபோது, முன்னாள் முதலமைச்சர்கள் இருவரின் படம் அச்சிட்ட பள்ளிப் பைகள் லட்சக்கணக்கில் தேங்கியிருந்தன. புதிய முதலமைச்சர் அவற்றை வீணாக்காமல் அப்படியே மாணவர்க்கு வழங்கச் செய்தார். 13 கோடி ரூபாய் மிச்சமாயிற்று என்று சட்டமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. பாராட்டத்தக்க முடிவு. ஆனால், பொதுப்பணத்தில் தைத்த பையில் எவர் முகமும் இல்லாதிருந்தால், அந்த முடிவுக்கே தேவை இருந்திருக்காது அன்றோ?

பெட்டி திறக்கப்பட்ட பின் அதன் கதை முடிந்துவிடுவதில்லை. இதனைக் கிள்ளான் வட்டாரத்தாரைவிட நன்கு அறிந்தவர் உலகில் சிலரே இருப்பர். 2018ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சீனா பிளாஸ்டிக் கழிவு இறக்குமதியைத் தடுத்தது. அதன் பின் உலகின் குப்பை நம் துறைமுகத்தின் வழியாக உள்ளே புகுந்தது. பக்கத்திலுள்ள ஜெஞ்சாரோமில் உரிமம் இல்லாத ஆலைகள் இரவில் பிளாஸ்டிக்கை எரித்தன. மக்கள் மூச்சுத் திணறினர். 2019 மே மாதம் அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் கொள்கலன்களைத் திறந்துகாட்டி, 60 கொள்கலன்களில் இருந்த ஏறத்தாழ 3,000 டன் கழிவை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பப்போவதாக அறிவித்தார். அந்தக் குவியல்களில் அயல்நாட்டுக் கடைகளின் பெயர்களையும் பொருள்களின் சின்னங்களையும் தெளிவாகப் படிக்க முடிந்தது. குப்பை எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்தப் பெயர்களே சான்றாயின. எல்லோரும் தம்மை நினைக்கவேண்டும் என்று நல்ல மையில் அச்சிட்டார்கள், மை அழியவில்லை. தீபாவளி கழிந்த மறுநாள் பண்டமாரானின் குப்பைத் தொட்டிகளைப் பார்த்தாலும் இதே பாடத்தைச் சிறிய அளவில் படிக்கலாம். பொன்னிறச் சின்னம் பதித்த பெட்டிகள் வாய் பிளந்து கிடக்கும். அட்டையின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் பழைய காகிதம் வாங்குவோரும் அவற்றைத் தயங்கியே எடுப்பார்கள்.

ஆகவே, பெட்டியைத் திட்டமிடுவோர் பெயரின் இடத்தைத் தீர்மானிப்பதற்கு முன், பெட்டியின் ஆயுளைத் தீர்மானிக்கவேண்டும் என்பது என் எண்ணம். இரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. மூடி முழுவதும் பெயர் இருந்தால் பெறுபவர் அதை வீட்டில் வைத்துக்கொள்ளமாட்டார். பெயர் அடக்கமாக இருந்தால் பெட்டி பல்லாண்டு வாழும். பிஸ்கட் வந்த தகரப்பெட்டியில் நூலும் பொத்தானும் வைத்திருந்த தலைமுறை நம்முடையது.

என் பழைய மாணவர் ஒருவர் ஒரு நிறுவனத்தில் கொள்முதல் பொறுப்பில் இருக்கிறார். சென்ற ஆண்டு தீபாவளிப் பெட்டியின் மாதிரிப் படத்தை எடுத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். “ஐயா, தமிழ் மட்டும் சரியா இருக்கான்னு பாருங்க, போதும்,” என்றார். பார்த்தேன். நிறுவனத்தின் பெயர் கைவிரல் அகலத்தில் பொன்னாக ஒளிர்ந்தது. அதன் கீழே இருந்த வாழ்த்தில் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம். புள்ளிகள் அடுத்த எழுத்தின் தலையில் ஏறியிருந்தன. தமிழ் அறியாத ஓவியர் கணினியில் ஒட்டும்போது இவ்வாறு சிதைவது புதிதன்று. பிரிக்பீல்ட்ஸ் பேரங்காடிப் பதாகைகள் வரை நாம் கண்டதுதான். தம் சின்னத்தின் மஞ்சள் நிறம் ஓர் இழை மாறினால் அச்சகத்தாரைத் திருப்பி அனுப்புகிறார்கள். பெறுபவரின் மொழி உடைந்து கிடப்பதை ஒருவரும் பார்ப்பதில்லை. கொடுப்பவர் தம்மை எவ்வளவு நினைத்தார், பெறுபவரை எவ்வளவு நினைத்தார் என்பதை அளக்க இதைவிடச் சிறந்த கோல் வேண்டுமா? (‘வாழ்த்துக்கள்’ என்று இருந்ததை ‘வாழ்த்துகள்’ என்றும் திருத்தினேன். புலவர்கள் இதனைப் பற்றி வாதிடுவதை அறிவேன். என் பள்ளியில் ஒற்று மிகாது.)

பிறகு நெடுநேரம் பேசினோம். பெறுவோருள் முஸ்லிம்கள் உண்டா, உள்ளே வைப்பவை ஹலால் சான்று பெற்றவையா. பெறுவோருள் தனியே வாழும் முதியவர் உண்டா, அவர் இவ்வளவு இனிப்பை என்ன செய்வார். மூடியில் அச்சிடவிருந்த ஓங்காரம் குப்பையில் மிதிபடாதா என்றெல்லாம் கேட்டேன். அவர் ஒவ்வொன்றையும் எழுதிக்கொண்டார். ஓங்காரத்தை நீக்கிப் புள்ளிக் கோலம் போடலாம் என்று அவரே சொன்னார். நிறுவனத்தின் பெயரை மூடியின் உட்புறத்தில், பாதி அளவில் அச்சிட்டால் என்ன என்றதும் அவர் முகம் மாறியது. “முதலாளி ஒத்துக்கமாட்டார் ஐயா. பேரே தெரியாதேன்னு கேப்பார்,” என்றார். திறந்தவர்க்குத் தெரியும் என்று சொல் என்றேன்.

முதலாளி முழுவதும் ஒப்பவில்லை. முழுவதும் மறுக்கவும் இல்லை. மூடியின் உட்புறம் பெயர், பெட்டியின் அடியில் சின்னம் என்று முடிவாயிற்று. பிளாஸ்டிக் படலத்தை விட்டதில் கொஞ்சம் பணமும் மிஞ்சியதாம். அச்சான பெட்டிகளுள் ஒன்றை அம்மாணவர் எனக்கு மாதிரியாகக் கொண்டுவந்து கொடுத்தார். பள்ளி அலுவலகத்தில் மார்க்கர் பேனாக்களையும் முத்திரைக் கட்டைகளையும் அதில்தான் போட்டுவைத்திருக்கிறோம். உள்ளே ஒன்றும் இல்லாமல் வந்த பெட்டியாதலால், சுற்றறிக்கையின்படி அறிக்கை எழுதவேண்டிய வேலையும் எனக்கு ஏற்படவில்லை.